காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது

(மயிலிட்டியில் நடந்த தாய்மார் ஒன்றுகூடலில் எமது சுகாதாரக் குழு ஆற்றிய உரை. வந்து கலந்துகொள்ள முடியாத தோட்டத்துத் தாய்மாரின் நன்மைக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)



தேயிலைக் காட்டிலிருந்து கடற்கரைக்கு வந்து எதைப் பேசப் போறீங்கன்னு நேத்து ஒரு அக்கா கேட்டாங்க. நோய்க்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் தகப்பன் என்ன செய்ய வேண்டும்? இந்த ஒரேயொரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

போருக்கு முன் இந்த மயிலிட்டிக் கரையில் காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அந்த நாளில் காசநோய்க்காரர் மாதக்கணக்கில் தங்கி, ஓய்வெடுத்து, பொறுமையாக இருந்து சுகம் தேடினார்கள். அது காத்திருந்து பார்க்கும் வைத்தியம். நாங்கள் இன்று பேசும் காய்ச்சலில் காத்திருப்பதற்கே இடமில்லை. இங்கே மாதக் கணக்குமில்லை, நாள் கணக்குமில்லை. மணிக் கணக்குத்தான்.

எங்கள் பிழை

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏழு வயதுப் பையன். இரத்தப் புற்றுநோய். அம்மா கொழுந்தெடுப்பவர், அப்பா கொழும்பில் கடை வேலை. மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள், மாலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. அந்தத் தாய் புத்திசாலி. உடனே எங்கள் குழுவில் ஒருவருக்குப் போன் எடுத்தார். அது டெங்குக் காலம். "காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும் கொடுங்கள், தண்ணீர் ஆகாரம் கொடுங்கள், குறையாவிட்டால் இரத்தம் பரிசோதியுங்கள்" என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அதே வாய்ப்பாட்டைத்தான் அவருக்கும் சொன்னோம். "பனடோல் குடுங்க, விடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

பனடோல் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை தூங்கினான். விடியற்காலை நாலு மணிக்குக் கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஓட்டோ தேடி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

அந்தத் தாய் எங்களை ஏசவில்லை. "நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. புற்றுநோயை எதிர்த்து மாதக்கணக்கில் போராடிய பிள்ளையை, ஒரு ராத்திரிக் காய்ச்சலிடம் பறிகொடுத்தோம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். ஒரு காலத்தில் அது வந்தால் சில மாதங்கள்தான் என்று கைவிட்டுவிடுவார்கள். 1947, 1948ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டொக்டர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துச் சில பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அந்த மருந்தைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர தேசத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மருந்தின் தம்பி போன்ற மெதோட்ரெக்சேட் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த நூறு பிள்ளைகளில் எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஆகவே, புற்றுநோய் என்றதும் விதி முடிந்தது என்று நினைக்கிற காலம் போய்விட்டது.

ஆனால் கீமோ மருந்துக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் பெருகும் கலங்களை அது அழிக்கும். நோய்க் கலமும் வேகமாகப் பெருகும், எலும்பு மச்சையில் உண்டாகும் நல்ல இரத்தக் கலமும் வேகமாகப் பெருகும். மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. களைக்கு அடித்த மருந்து இளம் கன்றிலும் படுவதுபோலத்தான்.

அப்படி அழியும் நல்ல கலங்களில் ஒன்று நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம். இதை உடம்பின் ராக்காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி உள்ளே வந்தால் முதலில் ஓடிப் போய்ப் பிடிப்பவன் இவன்தான். இவனுடைய ஆயுள் மிகக் குறுகியது. அதனால் மச்சை தினந்தோறும் புதிய ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தால் மச்சை சோர்ந்து போனால் காவலுக்கு ஆள் வராது. இதைத்தான் டொக்டர்மார் நியூட்ரோபீனியா என்கிறார்கள். அந்த நேரத்தில் காய்ச்சலும் வந்தால் அதுதான் ஆபத்து.

ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் இந்தக் காவல்காரர் 1500க்கு மேல் இருப்பது வழக்கம். 500க்குக் கீழே போனால் ஆபத்து. 100க்குக் கீழே போனால் பேராபத்து. பெரும்பாலான மருந்துகளுக்கு, ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரையில் இந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும். பிள்ளை ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்து, வீட்டுக்கு வந்து, விளையாடத் தொடங்குகிற நாட்களும் அவைதான். அந்த ஏழு வயதுப் பையனுக்கு ஒன்பதாம் நாள் என்று சொன்னோமே, நினைவிருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். சாதாரணப் பிள்ளைக்குக் கிருமி பிடித்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். சீழ் என்பதே பெரும்பாலும் சண்டையில் செத்த காவல்காரர்தான். காவல்காரரே இல்லாத பிள்ளைக்குச் சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. வெளியே தெரிகிற ஒரே அடையாளம் காய்ச்சல். அதனால்தான் "காய்ச்சல் மட்டுந்தானே, வேற ஒண்ணுமில்லையே" என்று சொல்லக் கூடாது என்கிறோம்.

சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட வராது. நடுக்கம், கை கால் சில்லிடல், வழக்கமில்லாத தூக்கம், மூச்சு வேகம், கடும் வயிற்றுவலி என்று காட்டும். அதுவும் காய்ச்சலுக்குச் சமம்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல. பிள்ளையின் சொந்தக் குடலிலிருந்தும், வாய்ப் புண்ணிலிருந்தும், தோலிலிருந்தும், மருந்து ஏற்றப் பொருத்திய குழாயிலிருந்தும் வருகிறது. "அவ சுத்தமா வச்சிக்கல, அதான் புள்ளைக்கு இப்படி" என்று பீலியடியில் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து காய்ச்சலை மறைத்த தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். தாய் மீது பழி போடுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

ஒரு மணி நேரக் கணக்கு

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போடி என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், வெண்குருதிக் கலம் குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த நாளில் இரத்தத்தில் என்ன கிருமி என்று பரிசோதனை முடிவு வரும்வரை மருந்துக்குக் காத்திருந்தார்கள். முடிவு வருமுன் பலர் இறந்தார்கள். 1971இல் ஷிம்ப் என்ற டொக்டரும் அவர் குழுவினரும் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். முடிவுக்குக் காத்திராமல், காய்ச்சல் கண்டவுடனேயே இரண்டு கிருமிகொல்லி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பலர் பிழைத்தார்கள். மருந்துகள் மாறியிருக்கின்றன, ஆனால் அந்த விதி இன்றும் மாறவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் கிருமிகொல்லி மருந்தின் முதல் ஊசி நரம்பில் ஏற வேண்டும் என்பதே இன்று பல நாடுகளில் வைத்திருக்கும் இலக்கு.

அந்த ஒரு மணி நேரத்தை டொக்டரும் தாதியரும் பார்த்துக்கொள்வார்கள். வாசலுக்கு வரும்வரையுள்ள நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்று. வீட்டில் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று இருக்க வேண்டும். கைவைத்துப் பார்ப்பது போதாது. அக்குளில் வைத்துப் பாருங்கள். 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 ஃபாரன்ஹீட். அந்த இலக்கம் வந்தால் புறப்பட வேண்டும். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வாட்டில் வேறு இலக்கம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு. வெப்பம் பார்க்குமுன் பனடோல் கொடுக்க வேண்டாம். பனடோல் காய்ச்சலை இறக்கும், கிருமியைக் கொல்லாது. அது எங்களை ஏமாற்றியதைச் சொன்னோம். கொத்தமல்லித் தண்ணி கெடுதல் செய்யாது. அது கொதிக்கும்வரை காத்திருக்கும் நேரம்தான் கெடுதல். இபுபுரூஃபன், அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இரத்தம் கசியலாம். பின்வழியாக மருந்து வைப்பதும், அந்த வழியில் வெப்பமானி வைப்பதும் கூடாது. சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக.

மூன்று. 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 யூலையில் வட மாகாணத்துக்கு வந்து, இப்போது நாடெங்கும் இருக்கிறது. இந்த இலக்கத்தைச் சொன்னபோது இங்கேயுள்ள ஒரு பாட்டி சிரித்துக்கொண்டு சொன்னதை எங்களால் மறக்க முடியாது. "1990ஐ எங்களுக்கு ஆரும் பாடமாக்கத் தேவையில்லை, பிள்ளை. அந்த ஆண்டு ஆனியிலை நாங்கள் ஊரை விட்டு ஓடினது. இப்ப அந்த இலக்கத்துக்கு அடிச்சா வாகனம் எங்களிட்டை ஓடி வருகுது." 1990 யூனில் இடம்பெயர்ந்து, 2017 யூலையில் துறைமுகப் பக்கம் விடப்படும்வரை இருபத்தேழு வருஷம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் காத்திருந்த ஊர் இது. காத்திருப்பதின் வலியை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு. எந்த ஆஸ்பத்திரி? மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் மருந்தெடுக்கும் பிள்ளை என்பதற்காகக் காய்ச்சலோடு ஹட்டனிலிருந்து மகரகமவுக்குப் புறப்பட வேண்டாம். பருத்தித்துறையிலிருந்தும் வேண்டாம். முதல் ஊசி பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஏறட்டும். மலைநாட்டில் டிக்கோயா, நுவரெலியா, பதுளை இருக்கின்றன. இங்கே தெல்லிப்பழையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பிறகு மாற்ற வேண்டுமானால் அவர்களே மாற்றுவார்கள். மருந்து ஏற்றி வீட்டுக்கு விடும் நாளிலேயே, "காய்ச்சல் வந்தா நாங்க எங்க போகணும்?" என்று டொக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

ஐந்து. ஆஸ்பத்திரிக்குப் போனதும் வரிசையில் உட்கார வேண்டாம். ஓ.பீ.டீ.யில் இருப்பவர் கண்ணுக்கு உங்கள் பிள்ளையும் நூறு காய்ச்சல்காரரில் ஒருவராகத்தான் தெரியும். கொப்பியை முன்னே நீட்டிச் சொல்லுங்கள்: "புற்றுநோய்க்கு மருந்தெடுக்கிற பிள்ளை. இத்தனையாம் நாள். காய்ச்சல்." சிங்களத்தில் சொல்ல வேண்டுமானால் இதைப் பாடமாக்குங்கள்: "மே லமயாட்ட பிலிகா பெஹெத் தெனவா. தென் உண தியெனவா." வெட்கப்பட வேண்டாம். சத்தமாகச் சொல்லுங்கள். அதற்கு யாரும் கோபித்தால் கோபிக்கட்டும்.

அங்கே இரத்தம் எடுப்பார்கள், உடனே ஊசி ஏற்றுவார்கள், சில நாள் வைத்திருப்பார்கள். பல பிள்ளைகளுக்குப் பரிசோதனையில் கிருமி எதுவும் அகப்படாது. "வீணா வந்தோமே, நாலு நாள் பேர் போச்சே" என்று நினைக்க வேண்டாம். கிருமி இல்லாமல் திரும்பி வருவதைவிட நல்ல செய்தி வேறென்ன?

லயத்தில் அல்லது அயலில் யாருக்காவது அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான், போட்டிருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கள். வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. கட்டிவிட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கொதித்தாறிய தண்ணீர், சோப்புப் போட்டுக் கைகழுவுதல், நாளும் வாய் கொப்பளித்தல், இவை எப்போதும் வேண்டும்.

இருளும் பாதையும் காசும்

இதெல்லாம் தெரிந்தாலும் போக முடியவில்லையே என்பீர்கள். தெரியும். நடுராத்திரி, மழை, லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மூன்று மைல் கல்லுப் பாதை, கைக்குழந்தை ஒன்று, சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். அம்புலன்ஸ் வந்தாலும் தோட்டத்து மேற்கணக்கு வரை ஏறி வர நேரமாகும்.

இந்த ஊரில் நாங்கள் கேட்ட ஒரு கதையைச் சொல்கிறோம். கடலுக்குப் போகும் குடும்பம், ஐந்து வயதுப் பெண் பிள்ளை. தகப்பன் கடலில் நின்ற இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல். வெப்பமானியில் 38.4. தாய் வேறு யோசனை செய்யவில்லை. மற்றப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, முன்கூட்டியே பேசி வைத்திருந்த ஓட்டோத் தம்பியை எழுப்பிப் புறப்பட்டுவிட்டார். பையும் கொப்பியும் கதவுக்குப் பின்னால் தொங்கியபடியே இருந்ததாம். "நான் கெட்டிக்காரி இல்லை. எல்லாத்தையும் பகலிலை யோசிச்சு வைச்சிருந்தன். இரவிலை யோசிக்க ஏலாது" என்றார் அந்தத் தாய். பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தத் தாய் சொன்னதுதான் வழி. இரவுக்கு வேண்டியதைப் பகலிலேயே யோசித்து வையுங்கள். யாருடைய வாகனம், யார் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது, காசு எங்கே, போன் இலக்கம் எங்கே என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தோட்டத்தில் துரையிடமும் டிஸ்பென்சரி ஐயாவிடமும் முன்கூட்டியே போய், "இந்த லயத்துல இப்படி ஒரு புள்ள இருக்கு, ராத்திரி தட்டினா வாகனம் தரணும்" என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் மரணாதார சங்கம் இருக்கிறது. இங்கேயும் அப்படியான சங்கங்கள் உண்டு. செத்த வீட்டுக்குப் பெட்டியும் தேத்தண்ணியும் பந்தலும் குறைவில்லாமல் நடக்க, மாதம் தவறாமல் காசு கட்டுகிறோம். நல்ல காரியம். ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளையை இரவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோக் காசு அந்தப் பெட்டியில் இல்லை. அந்த ஏழு வயதுப் பையனுடைய காரியத்துக்குச் சங்கம் அன்றைக்கே காசு கொடுத்தது. அதில் ஒரு சிறு பங்கு இரண்டு நாள் முந்திக் கிடைத்திருந்தால், நாங்கள் சரியான புத்தியும் சொல்லியிருந்தால், அந்தக் காரியமே தேவைப்பட்டிராது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். நோயுள்ள பிள்ளைக்கு இரவில் வாகனத்துக்கென்று ஒரு தொகை, கணக்குக் கேட்காமல், கையெழுத்துக்குக் காத்திராமல், தலைவர் வீட்டில் எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும். வெப்பமானி ஒன்றும் அதோடு இருக்கட்டும்.

2011ஆம் ஆண்டு யூலையில் ஏராளமானோர் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, இருபத்தேழு நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டக் காசு சேர்க்க நடந்த நடை அது. 2013இல் அந்தக் கட்டிடம் எழுந்தது. முகம் தெரியாதவர்கள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்கள். எங்கள் பிள்ளைக்காக லயத்து வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நாங்கள் நடக்க மாட்டோமா?

எங்கள் குழு இப்போது போன் எடுத்தவுடன் முதலில் ஒரு கேள்வி கேட்கிறது: "புள்ள ஏதாவது பெரிய மருந்து எடுக்குதா?" அதற்கு ஆம் என்றால் இரண்டாவது பேச்சு இல்லை. "வெளிக்கிடுங்க" என்று மட்டும் சொல்கிறோம். அந்தப் பையனின் தாயும் இன்று எங்களோடு வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த உரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.